நீளக் காலும் குட்டைக் காலும்

தையல்காரம்மாவுக்குப் பிசிர் என்றால் ஆகவே ஆகாது. சட்டையின் உள்பக்கத்தை யார் பார்க்கப் போகிறார்கள்? பார்க்காவிட்டால் என்ன, ஒரு நூல் நுனி தொங்கினாலும் அவளுக்குச் சோறு இறங்காது. பிசிரைக் கண்டதும் நறுக்கிவிடும் அந்தக் கைதான் அன்று காலையில் வம்பை விலைக்கு வாங்கியது.

மகள் குளிக்கப் போயிருந்தாள். தையல் மிஷின் மேல் பள்ளிக்கூடத்துக்கான அட்டை வீடு, பேட்டரி, ஒயர், பொடிசாக ஓர் எல்.இ.டி. பல்பு. பல்புக்கு ஒரு கம்பிக் கால் நீளம், ஒரு கால் குட்டை. "கண்றாவி!" என்றாள் அம்மா. கொக்கி நறுக்கும் பழைய கத்தரியை எடுத்து இரண்டையும் சமமாக்கிவிட்டாள்.

தலை துவட்டிக்கொண்டே வந்த மகள் அப்படியே நின்றுவிட்டாள்.

"என்னம்மா பண்ணிட்ட? நீளக் கால்தாம்மா பிளஸ்! இனி எது எதுன்னு எப்படித் தெரியும்?"

நேற்று மகள் பெரிய பேட்டரியில் பல்பை நேராகக் கொடுத்து, அது பளிச்சென்று ஒரு தரம் எரிந்து கருகி, வகுப்பே சிரித்திருந்தது. சார் ஒரு ரெசிஸ்டரைக் கொடுத்து, "இது கரண்டை மட்டுப்படுத்தும். நாளைக்கு முதல் பீரியட்ல என் முன்னாடி மாட்டி எரிய வை. இல்லேன்னா கண்காட்சியில உன் பேரு கிடையாது" என்றிருந்தார். கையில் இருந்தது இந்த ஒரே பல்பு. கடை திறப்பதற்குள் பள்ளி மணி அடித்துவிடும்.

"மாத்தி மாத்தி வெச்சுப் பாத்துடலாமாடி?"

"தப்பா வெச்சா இதுவும் கருகிட்டா? நான் ஸ்கூலுக்கே போகமாட்டேன் போ!"

கருகுமா கருகாதா என்பது இருவருக்குமே தெரியாது. தைத்தது தப்பென்றால் பிரித்துக்கொள்ளலாம், வெட்டியது தப்பென்றால் போனது போனதுதான் என்று தையல் பழக வந்த பெண்கள் எல்லோரிடமும் அளந்தவள் அவள். இப்போது அந்தப் பேச்சே அவளைக் குத்தியது.

"என் கையை உடைக்கணும்" என்று முணுமுணுத்தபடி, மூச்சைப் பிடித்துக்கொண்டு, ரெசிஸ்டர் கோத்த ஒயரை ஒரு காலிலும் மற்ற ஒயரை மறு காலிலும் முறுக்கினாள்.

எரியவில்லை.

"போச்சு" என்றாள் மகள். அழக்கூட இல்லை; அதுதான் அம்மாவுக்குத் தாங்கவில்லை. தெருமுனையில் பள்ளி வேன் ஹாரன் அடித்தது. அம்மா முறுக்கைப் பிரித்து, இந்த ஒயரை அந்தக் காலுக்கும் அந்த ஒயரை இந்தக் காலுக்கும் மாற்றினாள்.

அட்டை வீட்டுச் சன்னல் சிவந்தது.

"எரியுது! அம்மா, எரியுது! தப்பா வெச்சா எரியாது, அவ்ளோதான். கருகல!"

அம்மா பொத்தென்று ஸ்டூலில் உட்கார்ந்தாள். அப்போதுதான் அவளுக்குக் கண்ணீர் வந்தது.

"சிகப்பு நூல் கொடும்மா, சீக்கிரம்." மகள் பிளஸ் காலில் நூலைச் சுற்றி முடிச்சுப் போட்டாள். நூலின் மிச்சம் சாண் நீளத்துக்குத் தொங்கியது. அம்மாவின் கை தானாகக் கத்தரிக்குப் போனது.

"அம்மா!"

கத்தரியை அப்படியே போட்டுவிட்டு இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டாள். மகள் சிரித்துக்கொண்டே வேனுக்கு ஓட, தொங்கிய நூலும் கூடவே போனது.