தாமிரபரணியில் ஊறிய பேரிங்

நேற்று மத்தியானம் ஒர்க்‌ஷாப் தரையில், கார் சக்கரத்தை மடியில் வைத்துக்கொண்டு, கால் நீட்டி உட்கார்ந்திருந்தேன்!

(எம்.ஏ. படித்தவள் நான். அதையும் சொல்லிவிடுகிறேன்.)

விக்கிரமசிங்கபுரத்தில் இருக்கும் அம்மாவுக்குக் கண்புரை. ஆபரேஷனுக்கு இரண்டு வருடமாகப் போக்குக் காட்டிக்கொண்டிருந்தாள்.

ஒருமுறை மழை. ஒருமுறை கோயில் கொடைவிழா. ஒருமுறை பக்கத்து வீட்டுப் பூனை குட்டி போட்டிருந்தது.

கடைசியில் ஒரே ஒரு நிபந்தனையோடு சம்மதித்தாள். "பஸ்ஸு, டாக்சிலாம் எனக்கு ஆவாது. நீ ஒன் கார்ல வந்து கூட்டிட்டுப் போனா வாரேன்."

நாள் குறித்தாயிற்று. இன்று காலை.

இதற்கிடையே காரில் ஒரு மாதமாக 'ஊம்ம்ம்' என்று ஒரு சத்தம். வேகம் கூடினால் அதுவும் கூடும்.

ரோடு சரியில்லை என்று நினைத்தேன். புது ரோட்டிலும் கேட்டது. டயர் என்று நினைத்தேன். பிறகு பாட்டுச் சத்தத்தைக் கூட்டி வைத்தேன்.

பிரச்சினை தீர்ந்துவிட்டது! (எனக்கு.)

நேற்றுக் காலை பாட்டையும் மீறிக் கரகரவென்று கேட்ட பிறகுதான் பயம் வந்து, சுடலைமுத்து அண்ணாச்சியின் ஒர்க்‌ஷாப்பில் கொண்டுபோய் நிறுத்தினேன்.

"வீல் பேலன்ஸிங் மட்டும் பாத்தாப் போதும் அண்ணாச்சி." நோயாளியைக் கொண்டுபோன நானே வைத்தியமும் சொன்னேன்.

அவர் பின்பக்கத்தை ஜாக்கியில் தூக்கி, இடது சக்கரத்தை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டார்.

"பேலன்ஸிங்கா? ஒங்க பேரிங்கு செத்து ஒரு மாசம் ஆச்சு தங்கச்சி. நீங்க கருமாதிக்குக் கொண்டாந்துருக்கிய."

சக்கரத்தை மாட்டுகிற இரும்பு வட்டத்துக்குப் பெயர் ஹப். சக்கரத்தை உரசாமல் சுழலவிடும் பேரிங் அதற்குள்தான் இருக்கிறது. பின்னால் உள்ள நான்கு போல்ட்டைக் கழற்றினால் ஹப் கையோடு வந்துவிட வேண்டுமாம்.

கழற்றினார். வரவில்லை.

எண்ணெய் அடித்து ஊறவைத்தார். சுத்தியலால் நாலு பக்கமும் தட்டினார். கேஸ் பற்றவைத்துச் சூடு காட்டினார். இரும்பு சிவந்தது. அண்ணாச்சியின் முகமும் சிவந்தது. ஹப் அசையவில்லை.

வியர்வையைத் துடைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார்.

"கேக்கேன்னு தப்பா நெனைக்காதிய. இந்த வண்டிய எங்கன கழுவுதிய?"

இப்படி யாராவது கேட்க மாட்டார்களா என்றுதான் இத்தனை வருடம் காத்திருந்தேன்!

"வாட்டர் சர்வீஸ்லாம் நான் விடுததே இல்ல அண்ணாச்சி. ஞாயித்துக்கெழம ஆனா நேரா ஆத்துல எறக்கிருவேன். பாதிச் சக்கரம் முங்குத மாரி நிறுத்திட்டு, நாங்க துணி தொவச்சு, குளிச்சுக் கரையேறுத வரைக்கும் நல்லா ஊறும்."

"ஊறுமா?"

"நம்ம தாமிரபரணில்லா! மூலிகைத் தண்ணி. வண்டிக்கும் நல்லதுதான?"

அண்ணாச்சி சுத்தியலைக் கீழே வைத்தார். பையத்தான் வைத்தார்.

"மூலிகை மனுசனுக்கு. பேரிங்குக்கு கிரீஸுதான். ஓடி வந்த சூட்டோட தண்ணில எறக்குனா உள்ள உறிஞ்சிரும்லா? துருப்புடிச்சு ரெண்டு இரும்பும் ஒண்ணாக் கெடக்கு."

(ஆற்றுக்கும் அது நல்லதில்லை என்று உள்ளுக்குள் தெரியும். அதையும் பாட்டுப் போட்டுத்தான் அமுக்கி வைத்திருந்தேன்.)

"இன்னைக்கு இது வரலன்னா அடியில இருந்து ஆக்சிலையே எறக்கணும். ரெண்டு நாளாவும்."

அம்மாவுக்கு ஒரு நாள் கிடைத்தால் போதும். அதை இரண்டு வருடமாக்கிவிடுவாள்.

சரியாக அந்த நேரம் அம்மாவே போனில் வந்தாள்!

"ஏட்டி, நாளைக்கு வருவேல்லா? வண்டி கிண்டிலாம் சரியாத்தான இருக்கு?"

"சூப்பரா இருக்கும்மா!" என்றேன், மூன்று சக்கரத்தோடு நின்ற காரைப் பார்த்தபடி.

அண்ணாச்சி கடைசியாக ஒரு வழி வைத்திருந்தார். கழற்றிய சக்கரத்தை அந்த ஹப்பிலேயே மறுபடி மாட்டினார். ஆனால் நட்டுகளை முறுக்கவில்லை. லேசாகத் திருகி ஆட்டம் விட்டார்.

"அந்தப் பக்கம் பிடிங்க தங்கச்சி. ஒண்ணு, ரெண்டு, மூணுன்னதும் வெடுக்குன்னு இழுக்கணும். சக்கரத்துக் கனமே சுத்தியல் மாரி இடிச்சு வெளிய தள்ளும்."

இழுத்தோம். வரவில்லை. மறுபடி இழுத்தோம். ஏழாவது தடவை, என் வாழ்க்கையில் எதையெல்லாம் பாட்டுப் போட்டு அமுக்கினேனோ அத்தனையையும் நினைத்துக்கொண்டு இழுத்தேன்.

'டங்!'

அண்ணாச்சி சமர்த்தாக விலகிக்கொண்டார். மேலே சொன்னேனே, மடியில் சக்கரம். அப்படித்தான் வந்தது. ஹப்போடு சேர்த்து!

"எந்திரிக்காதிய, எண்ணெயில உக்காந்துருக்கிய!" என்றார். (கொஞ்சம் முன்னால் சொல்லியிருக்கலாம்.)

சாயங்காலத்துக்குள் புது ஹப், புது பேரிங். சுடிதார் மட்டும் பழைய கணக்கில் போய்விட்டது.

இன்று காலை அம்மாவை ஏற்றிக்கொண்டு கிளம்பினேன். பாட்டுப் போடவில்லை. கார் அவ்வளவு அமைதி!

அம்பாசமுத்திரம் தாண்டியதும் அம்மா பின்சீட்டுப் பக்கம் காதைத் திருப்பினாள். பிறகு சந்தேகமாகக் கேட்டாள்.

"ஏட்டி, அந்தச் சத்தம் எங்க?"

"எந்தச் சத்தம்?"

"போன மாசம் வந்தப்ப பின்னால இருந்து ஊளையிட்டுச்சே."

"ஒனக்குக் கேட்டுச்சா? அப்பமே சொல்லியிருக்கலாம்லா!"

அம்மா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"சொன்னா நீ சரி பண்ணிருவியே."

அந்தச் சத்தத்தைக் கேட்டு ஒரு மாதமாக நான் பாட்டைக் கூட்டினேன். கார் நின்றால் ஆபரேஷனும் நிற்கும் என்று அம்மா வாயை மூடிக்கொண்டாள். யாரைக் கொண்டு பிறந்திருக்கிறேன் என்று இப்போது புரிகிறதா?

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. ஆஸ்பத்திரி வராண்டாவில் உட்கார்ந்துதான் இதை எழுதுகிறேன். ஏழாவது இழுப்புக்கு இன்னும் இடுப்பு வலிக்கிறது.

உங்கள் வண்டியில் ஏதாவது சத்தம் கேட்கிறதா? பாட்டை ஒரு நிமிடம் நிறுத்திக் கேட்டுவிட்டு வந்து சொல்லுங்களேன்!