தள்ளி ஏறிய ஜெர்மன்காரர்

மகளுக்குச் சோதனை தொடங்கப் பத்து நிமிசம் இருக்க, பள்ளிமுனை றோட்டில் என்ர ஓட்டோ நின்றுவிட்டது. நான் எட்டாம் வகுப்போடு நின்றவன்; இவளும் நின்றுவிடுவாளோ என்று ஸ்டார்ட்டரைத் திரும்பத் திரும்ப இழுத்தும் எஞ்சின் பிடிக்கவில்லை. வழியில் ஏற்றிய ஜெர்மன்காரர் இறங்கினார். கதவளவு தோள். சப்பாத்துக் கயிற்றை இறுக்கிக் கட்டி, தள்ளிக்கொண்டே ஓடி, எஞ்சின் பிடித்ததும் பாய்ந்து ஏறினார்.

“ஐயோ, விழுந்தால்?” என்று கத்தினேன்.

பின்சீற்றில் இருந்த மகள் அவரை இங்கிலீசில் கேட்டுச் சொன்னாள்: “பயப்படாதேங்கோ அப்பா. பனிக்கட்டியில வண்டி தள்ளி ஓடி ஏறுறதுதான் இவற்ற விளையாட்டாம். முடிவில பிறேக் பிடிக்கிறவரும் இவர்தானாம். பதக்கமும் எடுத்தவராம்!”

பள்ளி வாசலில், மணி அடிக்குமுன் நிறுத்தினேன். பின்சீற்றில் இல்லாத பிறேக்கை அவர் இரு கையாலும் இழுத்துக் காட்டினார். மகள் உள்ளே ஓடியதும் வென்றவராகக் கைகளைத் தூக்கினார். ஹாண்டிலை ஒருநாளும் விடாத நானும் தூக்கினேன்.