ஒரு சோதனையா, இரண்டா

சுவிஸ் மருத்துவ நுழைவுத் தேர்வில் இரண்டு முறை தவறிய பிறகுதான் நான் அமெரிக்காவுக்குப் போனேன். அங்கே இடம் கிடைத்தது ஒஸ்டியோபதி மருத்துவக் கல்லூரியில். அமெரிக்காவில் அது முழு டொக்டர் படிப்பு. இங்கே சுவிஸில் ஒஸ்டியோபாத் என்றால் முதுகைப் பிடித்து நெட்டி முறித்துவிடுகிற ஆள். இந்த வித்தியாசத்தை நாங்கள் இருக்கும் ஷாஃப்ஹவுசனில் எங்கள் தமிழ்ச் சனத்துக்கு விளக்கி அம்மா களைத்துப்போனார். கடைசியில் 'இருதய டொக்டருக்குப் படிக்கிறாள்' என்று சொல்லத் தொடங்கினார். நான் போக நினைத்தது மனநலத்துக்கு. அது தெரிந்தால் 'விசர் டொக்டர்' என்பார்களாம். பிறகு கலியாணம் பேசுவது கஷ்டமாம்.

போன குளிர்கால விடுமுறைக்கு வந்தபோது ஒரு முடிவு எடுக்கவேண்டியிருந்தது. டொக்டராக வேலை செய்ய, ஒஸ்டியோபதிக்கான உரிமச் சோதனையை நாங்கள் கட்டாயம் எழுதவேண்டும். மற்ற மருத்துவ மாணவர்களின் சோதனையையும் விரும்பினால் சேர்த்து எழுதலாம். மனநலப் பயிற்சிக்கு முதலாவதே போதும் என்று பல மருத்துவமனைகள் சொல்கின்றன. சில இடங்களில் இரண்டையும் கேட்கிறார்கள். இரண்டாவதை எழுதித் தவறினால் அது பதிவில் நிற்கும், மறைக்க முடியாது. தவறுவது எப்படி இருக்கும் என்று எனக்கு யாரும் சொல்லித்தரத் தேவையில்லை. விடுமுறையின் இரண்டு வாரமும் வீட்டில் எல்லோர் மீதும் எரிந்து விழுந்தேன்.

அம்மா வேறு, மகள் இரண்டு டொக்டர் சோதனை எடுக்கிறாள் என்று கோயிலில் சொல்லிவிட்டிருந்தார்.

"ஒண்டுதான் எடுக்கப்போறன் எண்டால்?" என்று கேட்டேன்.

"மற்றது ஏலாமப் போச்சுதாக்கும் எண்டு சனம் கதைக்கும்."

ஊர் வாயை மூட உலைமூடி இல்லை என்று இதே அம்மாதான் எனக்குச் சொல்லி வளர்த்தவர். கோபத்தில் கதவை அடித்துச் சாத்தினேன்.

அப்பா ஒரு பள்ளிக்கூடத்தில் பராமரிப்பு வேலை செய்கிறார். மறுநாள் காலை பனி தள்ளப் போனபோது நானும் கூடப் போனேன். உண்மையில் நான் மனநலத்தைத் தேர்ந்ததே அவரால்தான். இந்த நாட்டுக்கு வந்த நாளிலிருந்து அவருக்கு ஒழுங்கான நித்திரை இல்லை. நான் பள்ளியில் படித்த காலத்தில் குடும்ப வைத்தியர் அவரை ஒரு மனநல மருத்துவரிடம் அனுப்பினார். மொழிபெயர்க்க வந்தவர் எங்கள் கோயிலுக்கு வருகிற மனிதர். அவர் முகத்தைக் கண்டதும் அப்பா, 'இப்ப நல்லா நித்திரை வருது' என்று சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்துவிட்டார். மொழிபெயர்ப்பாளர்கள் வெளியே வாய்திறக்கக் கூடாது என்பது சட்டம் என்று பிறகு நான் எத்தனையோ தரம் சொல்லிப் பார்த்தேன்.

"அவர் சொல்லமாட்டார், பிள்ளை. ஆனா அவருக்குத் தெரியும்தானே" என்பார்.

அன்று பனியில் யாரும் வழுக்காமலிருக்க வாளியிலிருந்து உப்புத் தூவிக்கொண்டிருந்தவர், என் படிப்பைப் பற்றி அதுவரை கேட்காத ஒன்றைக் கேட்டார்.

"எந்தச் சோதினையை எடுத்தா நீ இஞ்ச வந்து டொக்டரா இருக்கலாம்?"

பொய் சொல்லியிருக்கலாம். இரண்டாவதை எழுதினால் சிலவேளை முடியும் என்று சொல்லியிருந்தால் அவர் நம்பியிருப்பார்.

"ரெண்டிலயும் ஏலாது, அப்பா. இஞ்ச வந்தா கிட்டத்தட்டத் திரும்பவும் முதலிலயிருந்து தொடங்கவேணும்."

"எனக்காகக் கேக்கேல்லை" என்றார். "எங்கட ஆக்களுக்கு, எங்கட பாஷையில கதைக்கிற ஒராள் இருந்தா நல்லம் எண்டு யோசிச்சன்."

அவர் கோபப்பட்டிருக்கலாம், குறைந்தபட்சம் ஏமாந்த முகத்தையாவது காட்டியிருக்கலாம். வாளியிலிருந்து இன்னொரு பிடி உப்பை அள்ளித் தூவினார்.

"அப்ப ஏன் ரெண்டு? ஒண்டே போதும்" என்றார். "சும்மா கஷ்டப்படாதை."

இரண்டு வாரமாக யாராவது அதைச் சொல்லமாட்டார்களா என்று காத்திருந்தவள் நான்தான். அப்பா வாளியைத் தூக்கிக்கொண்டு படிகள் பக்கம் போனார்.