கோமதியின் வலது கை

தோட்டம் தோட்டமாகப் போய் மைக் பிடிக்கும் வேலையில் தொண்டை கெட்டால் சரியாகிவிடும். யாரையும் கேட்காமலே எல்லாம் தெரிந்துவிடும் வியாதி வந்தால்தான் தீராது. மலேசியாவின் கோலசிலாங்கூர் வட்டாரத்தில் தொழிற்சங்கத்துக்காக முப்பது ஆண்டு பேசியவன் சொல்கிறேன். உங்களில் மைக் பிடித்தவர்களுக்குப் புரியும்.

இடது கை

ஈஜோக் பக்கம் சம்பளக் கோரிக்கைக் கூட்டம். சங்கத்தில் புதிதாகச் சேர்ந்த கோமதி, முப்பது வயதிருக்கும், வாசலில் நின்று துண்டறிக்கை கொடுத்துக்கொண்டிருந்தார். எல்லாம் இடது கையால். சம்பிரதாயங்களைக் கிழித்து எத்தனையோ எழுதியவன் நான். இருந்தும் எல்லார் எதிரிலும் அதட்டினேன்: "மரியாதை தெரியாதா? வலது கையால கொடும்மா."

அவர் மடங்கியிருந்த வலது கையைக் காட்டினார். "இது பிடிக்கும்ணே, விடாது லா. வாங்குறவங்கதான் இழுத்துக் கிழிச்சுக்கணும்."

விஷம் தின்ற கை

களைக்கொல்லி அடிக்கும் பெண்களுக்குக் கையுறை கேட்டுப் போராடிய நேரம். கோமதியின் அம்மா மருந்தடித்தவர் என்று தெரிந்ததும் எனக்கு வேறு ஆதாரம் தேவைப்படவில்லை. ‘விஷம் தின்ற கை’ என்று தலைப்பிட்டு, ‘இனி எந்த வேலைக்கும் உதவாத பாவப்பட்ட கை’ என்று முடித்து, அவர் படத்தோடு ஐந்நூறு பிரதி அச்சடித்தேன். அவரிடம் காட்டத் தோன்றவே இல்லை. அச்சகக்காரர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்: "அந்தப் பொண்ணு இதைப் படிச்சு அழுதிருக்குமேண்ணே?"

எடைக் கிராணி

அதே வாரம் கோமதி ஒரு செம்பனை எண்ணெய் ஆலையில் எடைக் கிராணி வேலைக்கான நேர்காணலுக்குப் போயிருந்தார். லோரிகளின் எடையைக் கணினியில் பதிய வேண்டும். இடது கையாலேயே தட்டிக் காட்டித் தேர்வாகியும்விட்டார். பிறகு என் துண்டறிக்கை மேலாளர் மேசைக்குப் போனது. எந்த வேலைக்கும் உதவாதவர் என்று சங்கமே சொல்லிவிட்டதே! வேறொருவரை எடுத்துக்கொண்டார்கள்.

மறுநாள் கோமதி சங்க அலுவலகத்துக்குள் விறுவிறுவென்று வந்தார், வலது காலை விரல் நுனியில் ஊன்றி, வலது முஷ்டி மார்பருகே இறுகி. நான் நாற்காலியோடு பின்னால் நகர்ந்தேன்.

"பயப்படாதீங்கண்ணே, வேகமா நடந்தா இது தானா மூடிக்கும். அடிக்கணும்னா இடது கையாலதான் அடிப்பேன்."

திருத்தம்

பிறகு உட்கார்ந்து விளக்கினார். பிறந்த சமயத்தில் மூளையின் இடப்பக்கத்தில் ஏற்பட்ட பாதிப்பு. அதனால் உடம்பின் வலப்பக்கம் விறைப்பு. பெருமூளை வாதம் என்பார்கள். மூளையில் பட்ட அந்தப் பாதிப்பு வளராது. அவருடைய அறிவை அது தொடவுமில்லை. மருந்தடித்ததால் வந்தது என்று அவருடைய டாக்டர்கள் யாரும் சொன்னதில்லை. "எங்கம்மா ஏற்கெனவே தன்மேலதான் தப்புன்னு நினைச்சுக்கிட்டு இருந்துச்சு. நீங்க அதை அச்சடிச்சுக் கொடுத்துட்டீங்க."

ஆலைக்குப் போய், வாழ்நாளில் முதல் முறையாக ஒரு மேலாளர் முன் கெஞ்சினேன். இடம் நிரம்பிவிட்டது என்றார். திரும்பி வந்து மறுப்பு அறிக்கை எழுதினேன். கோமதி வாங்கி, ‘பாவம்’ வந்த மூன்று இடங்களையும் அடித்தார். பிறகு பேனாவைக் கீழே வைக்கவில்லை. "இதுலயும் நீங்கதாண்ணே பேசுறீங்க. தள்ளி உட்காருங்க, நானே எழுதிக்கிறேன்."

அவர் எழுதிய அறிக்கையை ஐந்நூறு பேரிடம் கொண்டுபோய்க் கொடுத்ததுதான் என் பங்கு. அதில் இருந்த ஒற்றுப் பிழையைக்கூடத் திருத்தும் துணிச்சல் எனக்கு வரவில்லை.