மாடிக்கு வந்தவர்கள்

தலையணை உறையைக் கழற்றி மூக்கருகே கொண்டுபோய் ஒருமுறை முகர்ந்தார் வெற்றிச்செல்வி. "தலைக்கு மை போட்டவரு. ஈரத் தலையோட படுத்திருக்காரு" என்றார். வந்து தங்கிப் போனவரை அவர் பார்த்ததே இல்லை. பூந்தொட்டிக்கு அடியில் வைத்திருந்த சாவியை எடுத்துத் திறந்து தங்கிவிட்டு, அந்த மனிதர் முதல் பஸ்ஸுக்கே போய்விட்டார். உறையை வெயிலில் பிடித்துக் காட்டினார். ஓரத்தில் கருப்பாக ஒரு பிறை. "துவைச்சா போயிரும்" என்று வாளியில் போட்டார். அந்த வீட்டில் ஒரு நாளைக்குப் பத்து முறை கேட்கும் வாக்கியம் அது.

அரியலூரிலிருந்து ரெட்டிபாளையம் போகும் சாலையில், லாரிப் புழுதி படிந்து சாம்பல் நிறமாகிப்போன வேப்பமரங்களைத் தாண்டினால் அவர் வீடு வரும். கீழே அவரும் கணவர் அரியமுத்துவும் இருக்கிறார்கள். அரியமுத்து சுண்ணாம்புக்கல் ஏற்றும் லாரி ஓட்டுகிறார். மாடி நாள் வாடகைக்கு. இரண்டு படுக்கையறை, ஒரு ஹால், சின்ன சமையலறை, ஏசி, வெந்நீருக்கு ஹீட்டர், வெஸ்டர்ன் டாய்லெட். மகள் கவியா திருச்சியில் நர்ஸ். மூன்று வருஷத்துக்கு முன்னால் அவள்தான் மாடியைப் படம் பிடித்து இணையத்தில் ஏற்றினாள். அன்று முதல் ஆள் வருகிறது. ஆலையில் மெஷின் பழுது பார்க்க வரும் எஞ்சினியர்கள், கங்கைகொண்ட சோழபுரம் பார்க்க வரும் குடும்பங்கள், கல்லாகிப்போன நத்தையும் சிப்பியும் தேடி ஓடைகளில் அலையும் கல்லூரி மாணவர்கள், கல்யாணக் கூட்டம். பத்திரிகை வேலையாக இந்தப் பக்கம் வரும்போதெல்லாம் கீழே மாடிப்படியை ஒட்டியிருக்கும் ஒற்றை அறையில் நான் தங்குவேன்.

வெற்றிச்செல்விக்கு நாற்பத்தெட்டு வயது. ஆள் குள்ளம், நடை வேகம். கண்ணாடி ஒரு கயிற்றில் கழுத்தில் தொங்கும், போன் இடுப்பில் செருகியிருக்கும். குன்னம் பக்கத்தில் பிறந்து, கல்யாணமாகி இங்கே வந்து, பதினாறு வருஷம் ஓர் ஆலையின் கெஸ்ட் ஹவுஸில் அறைகளைக் கூட்டிப் பெருக்கியவர். படுக்கை விரிக்கும் வித்தை அங்கே கற்றதுதான். மெத்தையின் நாலு மூலையிலும் கடித உறை மாதிரி மடித்துச் செருகுவார். ஒரு சுருக்கம் தெரிந்தால் மொத்தத்தையும் உருவிவிட்டு மறுபடி விரிப்பார். "அங்க ஒரு மேனேஜர் இருந்தாரு. தலைமுடி ஒண்ணு கெடந்தாலும் கூப்புட்டுக் காட்டுவாரு. அப்ப கோவமா வரும். இப்ப நானே தேடுறேன்."

வருகிறவர்களின் பழக்கங்கள் அவருக்கு மனப்பாடம். போனில் "நாலு பேருங்க" என்று யாராவது சொன்னால் பாய் ஏழு எடுத்து வைப்பார். "நாலுன்னா ஏழு. ரெண்டுன்னா ரெண்டுதான், அதுல பொய் சொல்லமாட்டாங்க." ஏசியைப் போட்டுவிட்டு ஜன்னலைத் திறந்து வைப்பவர்களைப் பற்றிச் சொல்லும்போது மட்டும் குரல் கொஞ்சம் ஏறும். "ரோட்டுக்கே ஏசி போடுறாங்க சார்." ஓர் எஞ்சினியர் பாத்திரம் கழுவும் தொட்டியில் காலைத் தூக்கி வைத்துக் கழுவுவாராம். "அவ்ளோ ஒசரத்துக்குக் காலைத் தூக்குறதுக்கு, பாத்ரூமுக்கே நடந்துருலாம்ல?"

சாவியை மறந்து பையில் போட்டுக்கொண்டு ஊர் போய்ச் சேருகிறவர்கள் ஒரு தனி ரகம். இதுவரை ஆறு சாவி போயிருக்கிறது. கோயம்புத்தூர் போனது மட்டும் மன்னிப்புக் கடிதத்தோடு கூரியரில் திரும்பி வந்தது. அதற்குள் பூட்டை மாற்றியாகிவிட்டது. கடிதத்தை மட்டும் எடுத்து வைத்திருக்கிறார்.

கல்லூரி மாணவர்கள் தோண்டியெடுத்த நத்தைகளையெல்லாம் குளியலறையில் வைத்துத்தான் கழுவுவார்கள். சுண்ணாம்பு மண் குழாயில் இறங்கி இறுகிவிடும். பாவாடை என்ற பிளம்பர் மூன்று முறை வந்து குத்தி எடுத்தார். நான்காவது கூட்டம் வந்தபோது வெற்றிச்செல்வி சண்டை போடவில்லை. தோட்டத்துக் குழாயடியில் ஒரு பழைய தொட்டியும் நாலு பிரஷ்ஷும் வைத்துவிட்டு, "கல்லுக்கெல்லாம் இங்க குளியல்" என்று காட்டினார். அந்தப் பிள்ளைகள் போகும்போது கைப்பிடி அளவு நத்தை ஒன்றைப் பரிசாகக் கொடுத்தார்கள். மாடிக் கதவு காற்றில் அடிக்காமல் இருக்க அதைத்தான் முட்டுக் கொடுத்திருக்கிறார். அது கோடிக்கணக்கான வருஷத்துச் சாமான் என்று நான் சொன்னேன். "அதான் இந்தக் கனம் கனக்குது" என்றார்.

தங்க வருகிறவர்கள் யாரையும் மனைவி கண்டித்து ஒரு வார்த்தை கேட்பதில்லை என்று அரியமுத்துவுக்கு வருத்தம் உண்டு. "படி ஏறி வந்தவங்கள மொகம் கோணவிட்டு அனுப்பக் கூடாதுங்க" என்பார் வெற்றிச்செல்வி. பேச்சு அதோடு முடிந்துவிடும்.

போன தை மாதம் நான் தங்கியிருந்தபோது திருச்சியிலிருந்து ஒரு கல்யாணக் கூட்டம் வந்தது. பூர்வீகம் ஜெயங்கொண்டம் பக்கம் என்றார்கள். மூன்று நாளுக்கு, நாலு பேருக்கு என்று பதிவு செய்திருந்தவர் ராஜராஜன், ஓய்வு பெற்ற அதிகாரி. இரண்டு காரில் ஒன்பது பேர் இறங்கினார்கள். பாய்கள் ஏற்கெனவே மாடியில் இருந்தன, இன்னும் இரண்டை எடுத்துக்கொண்டு போனார் வெற்றிச்செல்வி. சாயங்காலத்துக்குள் மல்லிகைச் சரத்தின் வாழைநார் வாஷ்பேசினை அடைத்திருந்தது. ஈரத் துண்டுகள் மெத்தைமேல் கிடந்தன. ராஜராஜனின் மருமகள் மேகலா பட்டுப்புடவையை மெத்தையிலேயே விரித்துத் தேய்க்க, விரிப்பில் பழுப்பாக இஸ்திரிப் பெட்டியின் அச்சு விழுந்தது. ராஜராஜனின் அக்கா பொன்னம்மாள் முழங்கால் வலிக்காரர். காலெல்லாம் தைலத்தைப் பூசிக்கொண்டு சோபாவில் சாய்ந்துவிட்டார். எல்லாவற்றையும் பார்த்துவிட்டுக் கீழே வந்த வெற்றிச்செல்வி, சோடா உப்பு எங்கே என்று தேட ஆரம்பித்தார்.

மறுநாள் காலை பெரிய பிளாஸ்க்கில் டீயும் ஒரு தட்டில் கோப்பைகளுமாக மாடிக்குப் போனார். ராஜராஜன் பேச்சுத்துணைக்கு என்னையும் கூப்பிட்டிருந்ததால் நானும் ஹாலில் உட்கார்ந்திருந்தேன். வெற்றிச்செல்வி முதல் கோப்பையை என்னிடம் கொடுத்துவிட்டு மற்றவற்றில் ஊற்றிக்கொண்டிருந்தார்.

"வீட்டை ரொம்ப சுத்தமா வெச்சிருக்கீங்கம்மா" என்றார் ராஜராஜன். "உங்களுக்குச் சொந்த ஊரே இதுதானா?"

"இல்லைங்க, குன்னம் பக்கம்."

"குன்னமா! நான் அங்க ரெண்டு வருஷம் ஆபீசரா இருந்தேனே. அந்தப் பக்கம் எனக்குத் தெரியாத ஊரே கெடையாது. எந்த ஊரு, சொல்லுங்க?"

வெற்றிச்செல்வி ஊர்ப் பெயரைச் சொன்னார்.

"அட. அங்க எங்காளுங்க நெறைய பேரு இருக்காங்க. நீங்க யாரு வூடு? ஊருக்குள்ளயா, இல்ல..."

வெற்றிச்செல்வி கடைசிக் கோப்பையை ஊற்றி முடித்தார். பிளாஸ்க்கின் மூடியைத் திருகினார். "காலனிங்க" என்றார்.

கோப்பைக்கு நீண்டிருந்த ஒரு கை திரும்பிப் போனது. ராஜராஜன் போனை எடுத்துப் பார்த்தார், வைத்தார். பிறகு, "ஏம்மா, இதை நீ முன்னாடியே சொல்லியிருக்கலாம்ல?" என்றார். சற்று முன்வரை 'நீங்க' என்றவர்.

"எதைங்க?" என்று கேட்டார் வெற்றிச்செல்வி. குரலில் சண்டை இல்லை. உண்மையாகவே பதிலுக்குக் காத்திருந்தார். பதில் வராததால் தட்டை அங்கேயே வைத்துவிட்டுக் கீழே இறங்கினார்.

என் கையில் இருந்த டீயைக் குடித்து முடித்தேன். நான் செய்தது அவ்வளவுதான்.

அரை மணி நேரத்தில் பெட்டிகள் இறங்கின. மண்டபத்திலேயே ரூம் கிடைத்துவிட்டதாகச் சொன்னார்கள். மேகலா வாசலில் நின்று ஏதோ சொல்ல வாயெடுத்தாள். காரில் ஹாரன் அடித்ததும் போய்விட்டாள். பொன்னம்மாள் மட்டும் சோபாவை விட்டு அசையவில்லை.

"மண்டபத்துல கீழ ஒக்கார்ற கக்கூஸுடா. ஒக்காந்தா எந்திரிக்க மாட்டேன், நீயா வந்து தூக்குவ? நான் இங்கயே கெடக்குறேன். முகூர்த்தத்துக்குக் காரை அனுப்பு."

தம்பி குனிந்து தாழ்ந்த குரலில் என்னவோ சொன்னார். பொன்னம்மாள் சுவர்ப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார். கார்கள் போய்விட்டன.

அதன்பிறகான இரண்டு நாளும் பொன்னம்மாள் ராஜ்ஜியம்தான். அப்படி ஒரு விருந்தாளியை நான் அந்த வீட்டில் பார்த்ததில்லை. ஹீட்டரை அணைக்கவே மாட்டார். துவைத்த துணியை டிவி மேல் காயப்போடுவார். தேவை எதுவானாலும் ஊன்றுகோலால் தரையைத் தட்டுவார். மூன்று தட்டு என்றால் டீ. நாளுக்கு நாலு டீ. எல்லாம் வெற்றிச்செல்வி வீட்டுக் கோப்பையில்தான் குடித்தார். "ஒன் கைப்பக்குவம் எங்க வூட்டுல ஒருத்திக்கும் வராது தாயி" என்று நான் இருக்கும்போதே சொன்னார். வெற்றிச்செல்வி நொச்சி இலையைக் கொதிக்கவைத்து, பொறுக்கும் சூட்டில் அவர் முழங்காலில் ஊற்றிவிட்டார். கவியாவுக்கு போன் போட்டு, இந்த வலிக்கு எந்த டாக்டரைப் பார்க்கலாம் என்று கேட்டுச் சீட்டில் எழுதிக் கொடுத்தார். மத்தியானங்களில் மேலேயிருந்து இரண்டு பேரின் சிரிப்பும் கேட்கும். என்ன பேசினார்கள் என்று ஒருநாள் கேட்டேன். "மருமக கதைதான் சார். எனக்கு மருமக இல்லை, சும்மா கேட்டுக்கிட்டேன்" என்றார். இரண்டு நாளும் அவர் முகம் தெளிவாக இருந்தது.

முகூர்த்தத்தன்று காலை கார் வந்தது. டிரைவர் மட்டும்தான் வந்திருந்தார், அவரும் வாசலிலேயே நின்றுகொண்டார். வெற்றிச்செல்வி பொன்னம்மாளைத் தோளில் தாங்கி ஒவ்வொரு படியாக இறக்கினார். நான் பையைத் தூக்கிக்கொண்டு பின்னால் வந்தேன். கடைசிப் படியில் பொன்னம்மாள் நின்றார். வெற்றிச்செல்வியின் கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.

"பெத்த மக மாதிரி பாத்துக்கிட்ட. நீ நல்லாருக்கணும்." பிறகு டிரைவர் பக்கம் ஒரு பார்வை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "ஒண்ணே ஒண்ணு தாயி. நான் இங்க டீ குடிச்சேன்னு மட்டும் யாருகிட்டயும் சொல்லிடாத. எவனாச்சும் கேட்டா, கடையில வாங்கிக் குடுத்தேன்னு சொல்லிரு. என்ன?"

வெற்றிச்செல்வி கொஞ்ச நேரம் அவர் முகத்தையே பார்த்தார். "பாத்துப் போங்க" என்று மட்டும் சொன்னார். கார்க் கதவைத் திறந்து, அவரை உட்காரவைத்து, மடங்காத காலை மெதுவாகத் தூக்கி உள்ளே வைத்து, கதவைச் சாத்தினார்.

மாடியைக் கூட்டப் போனவர் வெகுநேரம் கழித்துக் கீழே வந்தார். விரிப்புகளைத் துவைக்கிற கல்லில் போட்டுவிட்டு, அப்படியே என் அறை வாசலில் வந்து நின்றார்.

"அந்த ஆபீசரு எந்திரிச்சுப் போனது கூட எனக்கு ஒண்ணும் ஆவல சார். அது பாத்துப் பழகுனதுதான். இந்தம்மா ரெண்டு நாளு வாய் நெறைய குடிச்சுட்டு என்னையப் பொய் சொல்லச் சொல்லுறாங்க. என் வூட்டு டீக்கு நான் எதுக்கு சார் பொய் சொல்லணும்?"

அவர் இடுப்பிலிருந்து போனை எடுத்துக் கவியாவை அழைத்தார், ஸ்பீக்கரில் போட்டார்.

"ஏண்டி, மாடிப் படம் ஏத்துனியே, அதுல வூட்டுக்காரங்களப் பத்தின்னு ஒரு கட்டம் காலியாவே கெடக்குமே, அதுல எப்படி எழுதுறது?"

மகள் எதைத் தொட வேண்டும் என்று சொல்லிக்கொடுத்தாள். வெற்றிச்செல்வி கண்ணாடியை மாட்டிக்கொண்டு, என் அறைவாசலிலேயே உட்கார்ந்து, ஒற்றை விரலால் எழுத ஆரம்பித்தார். கவியா இரண்டு முறை, "என்னம்மா எழுதுற?" என்று கேட்டாள். எழுதி முடித்ததும் உரக்கப் படித்துக் காட்டினார்.

"என் பேரு வெற்றிச்செல்வி. சொந்த ஊரு குன்னம் பக்கம், காலனி. எங்கப்பா செல்லக்கண்ணு, பருத்திக் காட்டுல கூலி வேலை பாத்தவரு. நான் கெஸ்ட் ஹவுஸுல பதினாறு வருஷம் வேலை பாத்தேன். மாடியை நான்தான் சுத்தம் பண்ணுறேன். காலையில டீ நான்தான் போட்டுக் குடுப்பேன்."

"அம்மா, ஆளு வராதும்மா" என்றாள் கவியா. "மூணு வருஷமா கஷ்டப்பட்டு வாங்குன பேரும்மா. இதை எதுக்கு நாமளே போய்ச் சொல்லணும்?"

"கொஞ்ச பேரு வரமாட்டாங்கடி. எனக்கும் தெரியும். வராம இருக்கட்டும். படி ஏறி வந்து, என் மெத்தையில படுத்து எந்திரிச்சுட்டு, அப்பறமா மொகம் மாறுது பாரு, அதைத்தான் என்னால இனிமே பாக்க முடியாது."

வெற்றிச்செல்வி போனை என்னிடம் நீட்டினார்.

"நீங்க எழுதுறவரு. பிழை கிழை இருக்கான்னு பாருங்க சார். வேற எதையும் மாத்த வேணாம்."

படித்தேன். பருத்தியில் ஒரு 'த்' விட்டுப்போயிருந்தது. சொன்னேன். வாங்கி, அந்த எழுத்தைத் தேடிப்பிடித்துச் சேர்த்தார். மேலிருந்து கீழ்வரை இன்னொரு முறை உதடசைத்துப் படித்தார். கட்டைவிரலைப் புடவையில் அழுத்தித் துடைத்துக்கொண்டு, பதிவேற்றும் பொத்தானைத் தொட்டார்.