மீன் பிடிக்கப் போனவரின் சவரப் பெட்டி

என் பீரோவில் கழுவாத சவர பிரஷ் ஒன்று இருக்கிறது. மரப்பிடியில் வார்னிஷ் போய்விட்டது, மயிர் பாதி கொட்டிவிட்டது, அடியில் சோப்பு காய்ந்து அப்பியிருக்கிறது. மருமகள் இரண்டு தடவை அதைத் தூக்கிப்போடப் பார்த்தாள். நான் போட்ட சத்தத்தில் இப்போது அந்த பீரோ பக்கமே வருவதில்லை. அவளைச் சொல்லிக் குற்றமில்லை. ஒரு காலத்தில் இந்தப் பிரஷ்ஷைப் பார்த்துத்தான் நான் புருஷனை விட்டுவிட்டுப் போகத் துணிமணியை அடுக்கினேன் என்று அவளிடம் எப்படிச் சொல்வது?

அறுபதுகளின் தொடக்கம் அது. கடலோரத்தில் பிறந்த என்னைத் திண்டுக்கல்லில் தோல் பதனிடுகிற ஷாப்பு மேஸ்திரி ஒருவருக்கு இரண்டாந்தாரமாகக் கொடுத்தார்கள். மூத்தவள் காய்ச்சலில் போய்ச் சேர்ந்து இரண்டு வருஷம் ஆகியிருந்தது, பிள்ளை இல்லை. என் அண்ணன் கோயில் வாசலிலேயே அவரை நிறுத்தி, மூத்தவள் வீட்டோடு இனிப் போக்குவரத்தே இருக்கக்கூடாது, அப்படி ஏதாவது காதில் விழுந்தால் தங்கையைத் திரும்ப அழைத்துக்கொள்வேன் என்று கண்டிப்பாகச் சொன்னார். என் வீட்டுக்காரர் தலையாட்டினார். அதிகம் பேசுகிற ஆள் இல்லை அவர். பேசாத ஆளைத்தான் எனக்குச் சின்ன வயதிலிருந்தே நம்பப் பிடிக்காது.

தோல் ஷாப்பு முதலாளி முஸ்லிம், அதனால் வெள்ளிக்கிழமை விடுமுறை. வேதக்காரர்களான எங்களுக்கோ வெள்ளிக்கிழமை கறி ஆகாது, மீன் ஆகும். இரண்டையும் சேர்த்து அவர் ஒரு வழக்கம் வைத்திருந்தார். மாதத்தில் ஒரு வியாழக்கிழமை சாயங்காலம் ஆத்தூர் அணைக்குப் போவார். கரையில் ஒரு குடிசை வாடகைக்குக் கிடைக்குமாம். இரவு அங்கேயே தங்கி, விடியற்காலையில் தூண்டில் போட்டு, வெள்ளிக்கிழமை மதியத்துக்கு மீனோடு வருவார். பயணத்துக்கு வேண்டியதை எடுத்து வைப்பது என் வேலை. பாய், கம்பளி, அரிக்கேன் விளக்கு, மண்ணெண்ணெய்ப் புட்டி, மண்புழு போட்ட டப்பா, குச்சியில் சுற்றிய தூண்டில் நரம்பு, தூக்குவாளியில் புளிச்சோறு. எல்லாவற்றையும் கட்டி முடித்த பிறகு அவர் வந்து, கூடக் கொஞ்சம் சோறு வைக்கச் சொல்வார். நான் அடுப்படிக்குத் திரும்பியதும் மாடத்தில் இருக்கிற சவரப் பெட்டியை எடுத்துப் பையின் அடியில் செருகிக்கொள்வார். நான் பார்க்கவில்லை என்று நினைப்பு.

மீன் பிடிக்கப் போகிற மனுஷனுக்குச் சவரக்கத்தி எதற்கு? கெண்டைக்கும் கெளுத்திக்கும் முகம் காட்டவா? முதல் தடவை சிரித்துக்கொண்டேன். ஆனால் அவர் கொண்டுவந்த மீனைக் கழுவ உட்கார்ந்தபோது சிரிப்பு நின்றுவிட்டது. வாளியில் கிடந்தது சங்கரா மீன். செவுளுக்குள் மரத்தூள் ஒட்டியிருந்தது. ஐஸ் கட்டியை மரத்தூளில் போட்டுப் புதைத்து, மீன் கூடையை ரயில் ஏற்றுகிற ஊரில் பிறந்தவள் நான். ஆத்தூர் அணையில் கடல் மீன் எப்போது குஞ்சு பொரித்தது? குழம்பு வைத்தேன், அவர் ருசித்துச் சாப்பிட்டார், நான் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு நாள் தாடி அப்படியே இருந்தது. அப்படியானால் அந்தக் கத்தி யாருக்கு? ராத்திரியோடு ராத்திரியாகப் பிரஷ்ஷை எடுத்துப் பார்த்தால் அடியில் இரண்டு வெள்ளை முடி. அவர் தலையில் ஒரு நரை கிடையாது. வயதைக் குறைத்துச் சொல்லி, நரையை அங்கே போய் மழித்துவிட்டு வருகிறாரோ என்றுகூட நினைத்தேன். சந்தேகம் வந்துவிட்டால் புத்தி இப்படித்தான் கோணலாகப் போகும்.

அடுத்த மாதம் ஒரு வேலை செய்தேன். தூண்டில் நரம்பைச் சுற்றி, எங்கள் ஊரில் வலை பின்னுகிறவர்கள் போடுகிற முடிச்சைப் போட்டேன். இழுக்க இழுக்க இறுகும். நுனியை உள்ளே தள்ளத் தெரிந்தால்தான் அவிழும். தரைக்காட்டில் பிறந்தவர்களுக்கு அது தெரியாது. வெள்ளிக்கிழமை அவர் மீனோடு வந்தார், முடிச்சு நான் போட்டபடியே இருந்தது. அங்கே ஒருத்தி இருக்கிறாள் என்பதற்கு இனி என்ன சாட்சி வேண்டும்? அதற்கு அடுத்த வியாழக்கிழமை அதே முடிச்சைப் போட்டு அவரை வழியனுப்பிவிட்டு, என் சேலைகளை டிரங்குப் பெட்டியில் அடுக்கிக் கதவோரம் வைத்தேன். கண்ணால் ஒரு தடவை பார்த்துவிட்டு அண்ணன் வீட்டுக்கு ரயிலேறுவது என்று முடிவு. காலையில் முதல் பஸ்ஸில் ஆத்தூர் போய் இறங்கி, வழி கேட்டுக் கேட்டு அணைக்கு நடந்தேன். வழியெல்லாம் அந்தப் பெண்ணிடம் என்ன கேட்பது என்றே யோசித்துக்கொண்டு போனேன்.

குடிசை வாசலில் ஒரு முக்காலியில் வயசாளி ஒருவர் உட்கார்ந்திருந்தார். முகமெல்லாம் சோப்பு நுரை. வலது கை மடியில் துவண்டு கிடந்தது. என் வீட்டுக்காரர் குனிந்து, அவர் கன்னத்தை விரலால் இழுத்துப் பிடித்துக்கொண்டு, மெதுவாக மழித்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் என் தூக்குவாளி காலியாக இருந்தது. பெரியவர்தான் என்னை முதலில் பார்த்தார்.

"மாப்ள, ஒரு பொம்பளப் புள்ள வருது. நம்ம புள்ளயா?"

என் வீட்டுக்காரர் திரும்பினார். அந்த முகத்தில் அன்று பார்த்த பயத்தை நான் மறக்கவில்லை. மூத்தவளுடைய அப்பா என்றார். பக்கவாதத்தில் கை விழுந்துவிட்டதாம். மீன் பிடிக்க வருகிறவர்களுக்கு அந்தக் குடிசையில் இடம் வாடகைக்கு விட்டுக்கொண்டு தனியாகவே கிடக்கிறாராம். "மாசம் ஒரு தடவ தாடி எடுத்துவிட வாரேன். ஒங்க அண்ணங்கிட்டத் தலையாட்டிட்டேன். அப்புறம் எந்த மூஞ்சிய வச்சுச் சொல்றது?" என்றார். எனக்குக் கோபம் அடங்கவில்லை. வந்ததற்கு இல்லை, என்னிடம் மறைத்ததற்கு. அப்படியானால் மீன் பிடிக்கப் போகிறேன் என்றதெல்லாம் பொய்தானே என்று கேட்டேன். அதற்குப் பதில் சொன்னவர் பெரியவர்.

"பொய்யில்ல ஆத்தா. எப்பவும் தூண்டி போடுவாரு, ஒண்ணுஞ் சிக்காது. வீட்டுக்கு வெறுங்கையோட போக வெக்கப்பட்டு மார்க்கெட்டுல வாங்கிட்டுப் போறாரு. போன மாசத்துலருந்து தூண்டி போடுறதும் இல்ல. என்னமோ ஒரு முடிச்சு, பல்லால கடிச்சாலும் அவுற மாட்டேங்குது. அறுத்துருவோம்னா விட மாட்டேங்குறாரு. நீ கட்டிக் குடுத்ததாம்."

நான் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். வெட்கமும் அழுகையும் சேர்ந்து வந்தன. நரம்பை வாங்கி, நுனியை உள்ளே தள்ளி முடிச்சை அவிழ்த்துக் கொடுத்தேன். மீதித் தாடியை எடுத்து முடிக்கிறவரை என் வீட்டுக்காரர் என் பக்கம் திரும்பவேயில்லை.

வீட்டுக்கு வந்ததும் டிரங்குப் பெட்டி கதவோரம் இருப்பதைப் பார்த்தார். அதைத் தூக்கிக் கட்டிலுக்கு அடியில் தள்ளினார். அடுத்த மாதம் சோற்றைக் குழைய வடித்துப் புளி கலந்து இருவருக்குக் கட்டினேன், சவரப் பெட்டியை நானே பையின் மேலே வைத்தேன். அண்ணன் ஒருமுறை வந்து, இவர் மாதாமாதம் எங்கே போகிறார் என்று விசாரித்தார். கண்ணைக்கூடச் சிமிட்டாமல் மீன் பிடிக்கத்தான் என்று சொன்னேன். பெரியவர் காலமாகிறவரை அந்தப் பொய்யை நாங்கள் இருவரும் சேர்ந்தே காப்பாற்றினோம்.

கடைசி இரண்டு வருஷம் என் வீட்டுக்காரருக்குக் கை நடுக்கம். கன்னத்தை இழுத்துப் பிடித்து நான்தான் மழித்துவிடுவேன். போன வருஷம் அவரும் போய்விட்டார். கடைசியாக மழித்த அன்று பிரஷ்ஷைக் கழுவ மறந்தேன், பிறகு கழுவ மனம் வரவில்லை. அதன் அடியில் இன்றும் இரண்டு வெள்ளை முடி ஒட்டியிருக்கிறது. இந்தத் தடவை அது யாருடையது என்பதில் எனக்குச் சந்தேகமில்லை.