டிராக்டர் நின்ற ஆடி மாதம்

முந்தின வருஷம் ஆடியில், நாற்று நடவுக்குத் தயாராக நின்றபோது, எங்கள் டிராக்டர் படுத்துவிட்டது.

வட அந்தமானில், திக்லிபூரில் எங்களுக்கு மூன்று ஏக்கர் வயலும் கொஞ்சம் பாக்குத் தோப்பும் இருக்கின்றன. டிராக்டர், என் கணவர் மெயின்லேண்டிலிருந்து செகண்ட் ஹேண்டில் வாங்கிக் கப்பலேற்றிக் கொண்டுவந்தது. அவரைத் தவிர வேறு யாரும் அதில் ஸ்பேனர் வைத்ததில்லை. சத்தத்தைக் கேட்டே கோளாறைச் சொல்லிவிடுவார். எனக்கும் ஓட்டக் கற்றுக்கொடுத்திருந்தார். ஓட்ட மட்டும்தான்.

அந்த வருஷம் சித்திரையில் அவருக்குப் பக்கவாதம் வந்தது. வலது கையும் காலும் விழுந்தன, பேச்சும் போயிற்று. நாங்கள் பேசுவதெல்லாம் அவருக்குப் புரியும். ஆனால் எதைச் சொல்ல வாயெடுத்தாலும் "நாளைக்கு" என்ற ஒரு சொல்தான் வரும். தண்ணீர் வேண்டுமானாலும் நாளைக்கு, கால் வலித்தாலும் நாளைக்கு. போர்ட் பிளேர் டாக்டர், மெல்ல மெல்லத் திரும்பும் என்றார்.

உழவு தொடங்கிய அன்று, வயலில் இரண்டு சுற்று போனதும் இன்ஜின் ஏறி இறங்கி முனகி நின்றது. கொஞ்ச நேரம் விட்டுத் தட்டினால் ஓடும், பத்து நிமிஷத்தில் மறுபடி நிற்கும். எப்படியோ கொட்டகை வரை கொண்டுவந்தேன். பக்கத்து வயல்காரர் வங்காளி. அண்ணன் என்ற அர்த்தத்தில் நாங்கள் அவரைத் தாதா என்றுதான் கூப்பிடுவோம். அவர் வந்து பார்த்தார்.

"ஹவா குஸ் கயா, பாபி," என்றார் இந்தியில். அவருக்கு நான் பாபி, அதாவது அண்ணி. டீசல் லைனில் காற்று புகுந்துவிட்டதாம்.

பில்டர் மேலிருந்த திருகைத் தளர்த்தி, நான் கைப்பம்பை அழுத்தினேன். நுரை நுரையாக டீசல் வந்தது. நுரை நின்றதும் அவர் திருகை இறுக்கினார். ஓடியது, நின்றது. இப்படி நாலு முறை. காற்று எங்கிருந்து வருகிறது என்பதுதான் தெரியவில்லை.

என் கணவரை நாற்காலியோடு தூக்கிவந்து கொட்டகையில் உட்கார வைத்தோம். நான் ஸ்டார்ட் செய்தேன். அவர் கண்ணை மூடிக் கேட்டார். அந்த முகத்தைப் பார்த்ததுமே எனக்குத் தெரிந்துவிட்டது, அவர் கண்டுபிடித்துவிட்டார். இடது கையைத் தூக்கி இன்ஜின் பக்கம் ஆட்டினார்.

"பில்டரா?"

"நாளைக்கு."

"டேங்க் மூடியா? இந்தப் பைப்பா?"

தலையாட்டினார். பைப்பைக் கழற்றி ஊதி மாட்டினோம். அதுவுமில்லை. ஆமாம் என்பதற்கும் இல்லை என்பதற்கும் தலை ஒரே மாதிரிதான் ஆடியது என்று அப்போதுதான் புரிந்தது. நோட்டும் பேனாவும் கொடுத்தேன். இடது கையால் ஒரு வட்டம் போட்டார், அதிலிருந்து ஒரு கோடு இழுத்தார். அது பம்பாகவும் இருக்கலாம், சக்கரமாகவும் இருக்கலாம். நான் ஒவ்வொன்றாகத் தொட்டுக் காட்டக் காட்ட, அவர் தொடையில் அடித்துக்கொண்டு "நாளைக்கு, நாளைக்கு" என்றார்.

"தெரியுதுல்ல? அப்ப வாயத் தொறந்து சொல்லித் தொலைங்களேன்!" என்று கத்திவிட்டேன்.

தாதா குனிந்து ஸ்பேனரைத் துடைக்க ஆரம்பித்தார். என் கணவர் கையை மடியில் வைத்துக்கொண்டார். அதற்குப் பிறகு அன்று அவர் எதையும் காட்டவில்லை. இரவு சோறு ஊட்டும்போதும் நான் மன்னிப்புக் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அழுதிருப்பேன்.

பஜாரில் இருந்த ஒரே மெக்கானிக் சாமான் வாங்கப் போர்ட் பிளேர் போயிருந்தார். கடல் சரியில்லை, அங்கே ஃபீனிக்ஸ் பே துறைமுகத்திலிருந்து கப்பல் கிளம்பவில்லை என்றார் போனில். தாதா தன் பவர் டில்லரால் எங்கள் மேல்வயலை மட்டும் உழுது கொடுத்தார். அவருக்கும் அவர் வேலை இருந்தது. கீழ்வயலில் தண்ணீர் நிற்க, நாற்று முற்றிக்கொண்டே போனது. தினமும் வரப்பில் போய் நின்று பார்த்துவிட்டு வருவேன். வேறென்ன செய்வது?

ஆறாம் நாள் மெக்கானிக் பஸ்ஸிலேயே வந்து சேர்ந்தார். ரப்பர் ஹோஸ், பம்பின் உள்சாமான், வாஷர்கள் என்று கையில் இருந்ததையெல்லாம் மாற்றினார். வண்டி நிற்காமல் ஓடியது.

"எதுல கோளாறு?" என்று கேட்டேன்.

"எதுன்னு தெரியலக்கா. எல்லாத்தையும் மாத்திட்டேன், சல் ரஹா ஹை, ஓடுதுல்ல. விடுங்க."

என் கணவரிடம் போய்க் குனிந்தேன். "ஹோஸைத்தான் சொன்னீங்களா? பம்பையா?" அவர் என் முகத்தையே பார்த்தார். தலை ஆடவில்லை. மெதுவாக இடது கையைத் தூக்கி, ஓடிக்கொண்டிருந்த இன்ஜினை மறுபடியும் காட்டினார்.

கீழ்வயலில் முற்றிய நாற்றையே நட்டோம், விளைச்சல் பாதிதான். இப்போது அவருக்குச் சோறு, வெயில், வலி என்று சில சொற்கள் வந்திருக்கின்றன. டிராக்டரும் ஓடுகிறது. உழும்போது சத்தம் கொஞ்சம் மாறினாலும் கொட்டகையில் அவர் கை உயர்வது வயலிலிருந்தே தெரியும். நான் வண்டியை நிறுத்திவிட்டு இறங்கி, அவர் பக்கத்தில் போய் நிற்கிறேன். என்னவென்று கேட்பதில்லை.